யூரியா வேண்டாம் என்று சொன்ன ஏப்ரல்

பருத்தி இலை சிவப்பதை நீங்கள் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். வழவழப்பான தாளில் வரிசையாகப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சத்தின் பெயர். பரீட்சையில் படத்தைப் பார்த்துப் பெயரை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். வயலில் அத்தனை படங்களும் ஒரே செடியில் கலந்து நிற்கும். கீழே பெயர் இருக்காது. உங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நின்று, நீங்கள் இலையைப் பார்க்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கோயம்புத்தூரிலும் மதுரையிலும் விவசாயம் படித்துவிட்டு எங்கள் கொல்கத்தா அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தபோது உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், உர சிபாரிசு எழுதிக் குடுத்துட்டு நீங்க எப்பவாவது பயந்திருக்கீங்களா?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். டாலிகஞ்சில் மெட்ரோவை விட்டு இறங்கும்வரை அந்தக் கேள்வி என்னுடனேயே வந்தது. ஓய்வு பெற்றவளுக்கு இனி மறைக்க என்ன இருக்கிறது? பயந்திருக்கிறேன். ஒரு கோடை முழுவதும் பயத்தோடு சாப்பிட்டு, பயத்தோடு அலுவலகம் போய் வந்திருக்கிறேன். அதைச் சொல்கிறேன்.

சுந்தரவனத் தீவுகளில் நெல் அறுத்த பிறகு நிலம் சும்மா கிடக்கும். வெயில் ஏற ஏற அடியிலிருக்கும் உப்பு மேலே வந்து தரை வெள்ளை பூத்துவிடும். அந்த நிலத்தில் குறுகிய காலப் பருத்தி போட்டுப் பார்க்கலாம் என்று அலுவலகம் ஒரு திட்டம் எடுத்தது. மழைக்காலத்தில் குளத்தில் பிடித்து வைத்த தண்ணீர்தான் பாசனம். குளிர் முடிவதற்குள் விதைக்க வேண்டும், புயல் பருவம் வலுப்பதற்குள் பறித்துவிட வேண்டும். முன்னே நகர்த்தலாம் என்றால் வயலில் நெல் நிற்கிறது. பின்னே தள்ளலாம் என்றால் வானம் நிற்கிறது. இந்த இடுக்குக்குள் செடி முளைத்து, பூத்து, காய் பிடித்து, வெடித்தாக வேண்டும். எந்த உரம், எவ்வளவு, எப்போது என்று முடிவு செய்வது என் பொறுப்பு.

ஒரு விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். பூப்பின் உச்சம் தாண்டிய பிறகு யூரியா கிடையாது. அதிலுள்ள தழைச்சத்து பின்னால் போய்ச் சேர்ந்தால் செடி புது இலை, புது மொட்டு என்று மறுபடி வளரக் கிளம்பிவிடும். பிடித்திருக்கிற காய் வெடிக்கத் தாமதமாகும். விதர்பாவிலோ பெரம்பலூரிலோ தாமதம் என்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். தீவில் தாமதம் என்றால் மழையில் மாட்டிக்கொள்ளும். நனைந்த காய் கறுத்து, செடியிலேயே அழுகும்.

எங்கள் பேச்சை நம்பி முதலில் இறங்கியவள் சபிதா. முப்பது வயதைத் தாண்டியவள், அந்தத் தீவில் பெண்கள் குழுவின் தலைவி. அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, துர்கா பூஜைக்கு வந்து போவான். பருத்தி நிலைத்துவிட்டால் அவனை ஊரோடு வரச் சொல்லிவிடப் போவதாக அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். அவன் போனில் கற்றுக்கொடுத்த நாலைந்து தமிழ் வார்த்தைகள் அவளுக்குத் தெரியும். என்னிடம் பேச ஆரம்பிக்கும்போது "சாப்டீங்களா தீதி" என்று தமிழில் கேட்டுவிட்டுத்தான் வங்காள மொழிக்குப் போவாள்; தீதி என்றால் அக்கா. அவள் சொல்லித்தான் மற்ற குடும்பங்களும் பருத்திக்கு வந்தன.

ஏப்ரலில் ஒரு காலை மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தபோது அவள் போன் வந்தது. சாப்டீங்களா என்று கேட்கவில்லை.

"தீதி, இலையெல்லாம் சிவக்குது."

வண்டி தரைக்குள் இறங்கியது. தொடர்பு அறுந்துவிட்டது. அலுவலகம் போய்ச் சேரும்வரை அந்த ஒரு வாக்கியத்தோடு நின்றுகொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

வெளியே வந்ததும் போனில் படங்கள் கொட்டின. வயல் முழுக்க வெந்த செங்கல் நிறம். போன் படத்தில் எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்புதான். உப்பா, பூச்சியா, பசியா, எதையும் பிரிக்க முடியாது. தீவிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்த எங்கள் கள அலுவலர் தபஸிடம் இலை மாதிரிகளை உடனே அனுப்பச் சொன்னேன். தபஸ் பொறுப்பானவன். அன்றைக்குக் கையில் காகிதப் பை இல்லாததால் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, படகிலும் கேனிங் லோக்கல் ரயிலிலுமாக ஆள் மூலம் அனுப்பிவிட்டான். ஏப்ரல் வெயிலில் அந்தப் பை வந்த வழியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக் கூடத்தில் முடிச்சை அவிழ்த்ததும் நாற்றம் மூக்கில் அடித்தது. இலைகள் கொழகொழவென்று ஆகிவிட்டிருந்தன.

எங்கள் டைரக்டர் நல்ல மனிதர். ஆனால் அந்த வாரம் அவரையும் நாலு பக்கமும் நெருக்கினார்கள். திட்டத்துக்கு நிதி கொடுப்பவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர் என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"காய வச்சு மெஷின்ல போடுங்க மேடம். ஏதோ ஒரு நம்பர் வரும். அதை வச்சு ஒரு பதில் சொல்லிடலாம்."

நம்பர் வரும் என்பது உண்மைதான். அழுகிய இலையைப் போட்டாலும் மெஷின் மறுக்காது. புள்ளி வைத்து, பின்னம் போட்டு, அழகான எண்ணாகக் கொடுக்கும். அந்த எண் தாளில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு அதன் நாற்றம் யாருக்கும் தெரியாது. எனக்கே பத்து நாள் கழித்து மறந்துபோகும். முடியாது, நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். போங்கள், ஆனால் வரும்போது பதிலோடு வாருங்கள் என்றார்.

கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த என் கணவர், நான் பை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டு வா. அதுக்கு மேல உன்னை யாரு என்ன பண்ணிடப் போறா?" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். என்னை யாரும் ஒன்றும் செய்யப் போவதில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் எதைச் சொன்னாலும் மாதச் சம்பளம் வரும். தப்பாகப் போனால் போவது அவர்களுடைய செடி.

தீவில் படகுத்துறைக்கு எதிரிலேயே உரக்கடை. வழக்கமாக உள்ளே கிடக்கும் யூரியா மூட்டைகளை அன்று வாசலுக்கு இழுத்து அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் எழுந்து வணக்கம் சொன்னார். செடி பசியில் சாகிறது, நீங்கள் பத்தியம் வைக்கிறீர்களே என்று மரியாதையாகவே கேட்டார். விற்பதற்காக மட்டும் அவர் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு அதில் சந்தேகமே கிடையாது. நெல்லில் அவர் பார்த்த வரைக்கும் வெளுத்த பயிருக்கு யூரியா போட்டால் பச்சையாகும், அவ்வளவுதான்.

வயலுக்குள் இறங்கினேன். சபிதா, தபஸ், அவர்களுக்குப் பின்னால் ஊர். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். திட்டினால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடி இலைகளைப் பார்த்தேன். முழு இலையும் ஒரே சீராக வெளுத்துச் சிவந்திருந்தது. அது தழைச்சத்துப் பசி. கடைக்காரர் சொன்னது சரி. மேல் இலைகளைப் பார்த்தேன். ஓரங்கள் வெண்கல நிறத்தில் கருகி, கீழ்நோக்கி மடங்கி, தொட்டால் நொறுங்கின. அது சாம்பல்சத்துப் பசி. மண்ணில் பொட்டாஷ் இருந்தாலும் உப்பு முந்திக்கொண்டு வேரை அடைத்திருந்தது. காய்கள் இழுக்கிற வேகத்துக்கு வேரால் கொடுக்க முடியவில்லை. ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கீறினேன். வெள்ளையாக, உயிரோடு இருந்தது. காய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் கெட்டிப்பட்டிருந்தது. மீதி இன்னும் இளசு.

இரண்டு பசியும் இருந்தது. ஒன்றுக்கு மருந்து இலையில் தெளிக்கலாம். இன்னொன்றுக்கு மருந்து கொடுத்தால் காய் வெடிப்பது தள்ளிப்போகும். கொடுக்காவிட்டால் இலை உதிர்ந்து, இளங்காய்கள் சூம்பிப்போகலாம். எவ்வளவு சூம்பும்? எவ்வளவு தள்ளிப்போகும்? எந்தப் புத்தகத்திலும் அந்தத் தீவுக்கு விடை இல்லை. அங்கே பருத்தியே புதிது.

கொஞ்ச நேரம் தனியாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குளத்தங்கரைக்குப் போனேன். தண்ணீர் அடியில் போய்விட்டிருந்தது.  குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்களுக்குச் சொல்ல வந்ததில் முக்கியமான இடம் இது. பயம் வந்தால் அதை விரட்டப் பார்க்காதீர்கள், அது எந்தப் பக்கம் உங்களைத் தள்ளுகிறது என்று பாருங்கள். என்னை அது யூரியாப் பக்கம் தள்ளியது. யூரியா போடுங்கள் என்று சொன்னால் ஊரே நிம்மதியாக மூச்சு விடும், கடைக்காரர் தலையாட்டுவார், டைரக்டருக்குப் பதில் கிடைக்கும். ஒரு வாரத்தில் வயல் பச்சையாகிவிடும், பச்சை வயலின் படத்தை எல்லோருக்கும் அனுப்பலாம். பிறகு மழையில் எல்லாம் போனால் அது வானத்தின் குற்றம். வேண்டாம் என்று சொன்னாலோ, இனி உதிர்கிற ஒவ்வொரு இலையும் என் கணக்கு. என்னைக் காப்பாற்றுகிற பதில் ஒன்று, செடியைக் காப்பாற்றக்கூடிய பதில் வேறொன்று. அது தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. எந்தப் பக்கம் திரும்பிப் போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

புயல் நிவாரணக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னேன். செடிக்குப் பசி இருக்கிறது. யூரியா போட்டால் பச்சையாகும், அதில் பொய் இல்லை. ஆனால் காய் வெடிக்கத் தாமதமாகும், அந்தத் தாமதத்தை நாம் தாங்க முடியாது. பொட்டாஷ் கரைசலை வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். பிடித்த காயைத் தேற்றிக்கொண்டு சீக்கிரம் பறித்துவிடுவோம். கொஞ்சம் நஷ்டம் வரும், எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

நிமாய் என்று ஒருவர். ஐம்பது வயதிருக்கும், தெளிவாகப் பேசுகிறவர். அவர் எழுந்து, மழை வரும் என்பது நிச்சயமா என்று கேட்டார்.

"நிச்சயமில்லை," என்றேன்.

"இலை உதிர்றது?"

"அதுவும் நிச்சயமில்லை."

"அப்ப ரெண்டும் நிச்சயமில்லாதப்ப, கண்ணுக்குத் தெரியற பசிக்குச் சோறு போடறதுதானே நியாயம் தீதி?"

அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில், நான் பார்த்த மே மாதப் புயல்கள்தான். அதைச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சபிதாவும் கிட்டத்தட்டப் பாதிக் குடும்பங்களும் என் பேச்சைக் கேட்டார்கள். நிமாயும் மற்றவர்களும் அன்று சாயங்காலமே படகுத்துறைக் கடைக்குப் போனார்கள்.

கொல்கத்தா திரும்பினேன். அதன் பிறகு போன் அடித்தால் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். முதலில் வந்தது தபஸின் போன். தெளித்த வயல்களில் சிலவற்றில் இலை ஓரம் எரிந்துவிட்டதாம். வெயில் தாழக் காத்திருக்காமல் உச்சியிலேயே தெளித்திருக்கிறார்கள். ஏற்கனவே சிவந்திருந்த இலையில் இப்போது கறுப்பும் சேர்ந்தது. மறு தெளிப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டான். நிறுத்தாதே, நேரத்தை மட்டும் மாற்று, நீ பக்கத்திலேயே நில் என்றேன். சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவ்வளவு உறுதியாக நான் இல்லை.

சில நாளில் நிமாயின் வயல் பச்சையாகிவிட்டது. சபிதாவின் வயலையும் அவருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரோ படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். நடுவில் வரப்பு. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் செங்கல். டைரக்டர் அந்தப் படத்தை என்னிடம் காட்டி, சிபாரிசைக் கொஞ்சம் திருத்தி அனுப்பினால் என்ன என்று கேட்டார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அதில் காய் தெரியவில்லை, இலைதான் தெரிந்தது. திருத்த வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அறைக் கதவை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சாத்திக்கொண்டு போனார்.

கொல்கத்தாவில் அந்த மாதங்களில் சாயங்காலம் வரும் புயல்மழையைக் கால்பைசாகி என்பார்கள் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வெந்து கிடக்கும் ஊருக்கு அது திருவிழா. முதல் கால்பைசாகி வந்த அன்று அலுவலகமே வராந்தாவுக்கு ஓடியது. யாரோ பொரியும் சூடான பஜ்ஜியும் வாங்கி வந்தார்கள். புழுதி வாசனையும் குளிர்ந்த காற்றும் ஜன்னல் வழியாக வந்தன. "வாங்க தீதி, மழை" என்று என்னையும் கூப்பிட்டார்கள். நான் மேஜையிலேயே உட்கார்ந்து தபஸின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு சொட்டும் விழவில்லை என்றான். அன்றிலிருந்து மேகம் எந்தப் பக்கம் கறுத்தாலும் தபஸைக் கூப்பிட்டுவிடுவேன்.

பொட்டாஷ் வேலை செய்தது. சபிதாவின் செடிகள் கடைசிவரை பச்சையாகவில்லை, ஆனால் மேல் இலைகள் உதிராமல் நின்றன. காய்கள் கெட்டிப்பட்டன. மே பிறந்ததும் வெடிக்க ஆரம்பித்தன. நிமாயின் வயலில் ஆள் உயரத்துக்குச் செடி, நிறையக் காய், ஒன்றும் வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதாகச் செய்தி வந்தது. வலுத்து வடக்கே வரலாம் என்றார்கள். வெடித்ததையெல்லாம் உடனே பறித்துவிடுங்கள் என்று சபிதாவிடம் சொன்னேன். வீட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் அந்த வெயிலில் இறங்கினார்கள். பறித்த பஞ்சைத் தலையில் சுமந்து நிவாரணக் கட்டடத்தின் மாடியில் கொண்டுபோய்க் குவித்தார்கள். நிமாய் தன் வயல் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததாகத் தபஸ் சொன்னான். பறிக்க அவருக்கு ஒன்றும் இல்லை.

வானிலை அறிக்கையை அலுவலகத்தில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். புயலின் பாதையைக் கோடு போட்டுக் காட்டினார்கள். கோடு எங்கள் தீவுகளின் பக்கம் வளைந்தது. அதைப் பார்த்ததும் என் மனதில் ஒன்று ஓடியது. வரட்டும். வந்தால் நான் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

ஒரு நொடிதான். அடுத்த நொடி என்ன நினைத்தேன் என்று புரிந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழேதான் சபிதா இருந்தாள், தபஸ் இருந்தான், நிமாயின் வீடும் கரையை ஒட்டிய குடிசைகளும் இருந்தன. உப்புத்தண்ணீர் உள்ளே வந்தால் பருத்தி என்ன, நெல்லே இரண்டு மூன்று வருஷத்துக்கு வராது. அத்தனையும் போகட்டும், என் சிபாரிசு நிற்கட்டும் என்று ஒரு நொடி நான் நினைத்தேன். அந்தக் கோடை முழுவதும் எதற்கெல்லாமோ பயந்தேன். என்னைக் கண்டே நான் பயந்தது அப்போதுதான். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, தபஸைக் கூப்பிட்டு, எல்லோரையும் மாடிக்கு ஏற்றிவிடு, பஞ்சு நனைந்தால் நனையட்டும், ஆட்களுக்கு இடம் விடு என்றேன்.

புயல் வரவில்லை. கடைசி நேரத்தில் திரும்பி வேறு கரைக்குப் போய்விட்டது. எங்கள் பக்கம் காற்று மட்டும் அடித்தது. அதற்குப் பிறகு வானம் வாரக்கணக்கில் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த வருஷம் மழை பிந்தியது. நிமாயின் காய்கள் நிதானமாக, பெரிது பெரிதாக வெடித்தன. அவர் சபிதாவைவிட நிறையவே எடுத்தார்.

பருவம் முடிந்ததும் அதே தாழ்வாரத்தில் கூட்டம். நிதி கொடுப்பவர்களும் வந்திருந்தார்கள். நிமாய் கோபமாகப் பேசவில்லை. "தீதி எங்க நல்லதுக்குத்தான் சொன்னாங்க. ஆனா எங்களை ரொம்பப் பயமுறுத்திட்டாங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். டைரக்டர், சிபாரிசு மறுபரிசீலனை செய்யப்படும் என்றார். என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.  படகுத்துறை வரைக்கும் சபிதா என்னோடு நடந்து வந்தாள். படகு கிளம்பும்போதுதான், புருஷனை இந்த வருஷம் ஊரோடு வந்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.  திரும்பும் லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அந்தக் குளத்தங்கரைக்கு மறுபடி மறுபடி போய் நின்றேன். அன்றைக்குக் கையிலிருந்த விஷயங்களை மட்டும் வைத்துக்கொண்டு, புயல் திரும்பியதை மறந்துவிட்டு, மறுபடி யோசித்தேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான் வந்தது. அதில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. அவள் வீட்டில் ஒரு வருஷம் போய்விட்டது.

அடுத்த பருவத்துக்குச் சிபாரிசு எழுதும்போது, போன வருஷம் கடைசியில் யூரியா போட்டவர்களுக்குத்தானே அதிகம் கிடைத்தது, அதையே சேர்த்துவிடலாம் என்று டைரக்டர் சொன்னார். நியாயமான பேச்சு மாதிரித்தான் இருந்தது. ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தவன் பத்திரமாக மறுபக்கம் போய்ச் சேர்ந்தால், அதை வழியாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.  சரி, உங்கள் பெயரிலேயே எழுதுங்கள் என்றார். எழுதினேன். தழைச்சத்தை முன்னாலேயே கொடுத்து முடித்துவிடச் சொன்னேன். உப்பு ஏறுவதற்கு முன்பே பொட்டாஷைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன். பூப்பின் உச்சத்துக்குப் பிறகு யூரியா வேண்டாம் என்ற வரியை மாற்றவில்லை.

அந்த வருஷம் மழை முந்தி வந்தது. கடைசியில் யூரியா போட்ட வயல்களில் மேல் காய்கள் கறுத்துப்போயின. நிமாயே போன் செய்து, நீங்கள் சொன்னதுதான் சரி தீதி என்றார். அவர் வயலும் அதில் ஒன்று. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரே வார்த்தையைத்தான் இரண்டு வருஷமும் சொன்னேன். ஒரு வருஷம் தப்பாகவும் மறு வருஷம் சரியாகவும் ஆனது, எனக்குப் புத்தி கூடியதால் அல்ல. ஆகையால் அந்த மழையை வைத்து எனக்கு மதிப்பெண் போடாதீர்கள். அந்த மழைக்கு முன்னால், அதே வருஷம் ஏப்ரலில் வந்த ஒரு போனைச் சொல்கிறேன்.

செடியில் சிவப்பு மறுபடி தெரிய ஆரம்பித்திருந்தது. போன வருஷம் அளவுக்கு இல்லை. ஆனாலும் சிவப்பு. பக்கத்து வயல்களில் மூட்டை பிரித்தாகிவிட்டது. சபிதா கூப்பிட்டாள்.

"தீதி, என்ன செய்யட்டும்?"

யூரியா வேண்டாம், பொட்டாஷ் மட்டும் தெளி என்றேன். ஏன் என்றும் சொன்னேன். போன வருஷம் இதே வார்த்தையால் அவளுக்கு என்ன போயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியும். 

"உங்களுக்குப் பயமா இருக்கா தீதி?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருக்கு," என்றேன். "நீ போனை வச்சதும் இன்னும் ஜாஸ்தியாகும்."

"எனக்கும்தான்," என்றாள். "ஆனா இங்க எல்லாரும் பயமே இல்லாம யோசனை சொல்றாங்க. அவங்களுக்கு என் வயல்ல போறதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க பயப்படறீங்க. நான் பொட்டாஷே தெளிக்கறேன்."

வெயில் தாழ்ந்துவிட்டது, போகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.